நீதியின் அடக்கவிலை

(பழுதுள்ள புதுக் காரை வாங்கியவர் வழக்காடுவதற்கு ஆகும் செலவைப் பற்றிக் கோலார் தங்கவயலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



பெரும்பாலும் இலக்கியத்தையும் சமயத்தையும் சரித்திரத்தையும் பற்றிய பிரசங்கங்களுக்கே பயன்பட்டுவரும் அறக்கட்டளை மேடையில், பழுதுள்ள புதுக் கார் ஒன்றை வாங்கிவிட்ட சாதாரணக் குடும்பம் தன் பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு எவ்வளவு செலவழிக்க வேண்டியிருக்கிறது என்னும் லௌகிக விஷயத்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்கு அடுத்தபடியாக நம் குடும்பங்கள் செய்யும் பெருஞ்செலவு இன்று கார்தான். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி இவ்வூரின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, கைக்கு வந்த தொகையோடு கடனையும் சேர்த்து ஒரு வாகனம் வாங்கி, அதை ஓட்டியே பிள்ளைகளைப் படிக்கவைத்த தகப்பன்மார் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் மாரிக்குப்பத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வண்டி ஜீவனோபாயம். அந்த வண்டி வாங்கிய முதல் மாதத்திலேயே வழியில் நின்றுவிடுமானால், சட்டம் அவர்களுக்கு என்ன செய்யும், அதைச் செய்யவைப்பதற்கு என்ன விலை கேட்கும் என்று ஆராய்வதும் அறத்தின்பாற்பட்ட காரியமே என்று கருதுகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ‘லெமன் சட்டம்’ என்று ஒரு வகைச் சட்டம் வழங்குகிறது. 1982-இல் கனெக்டிகட் மாநிலம் முதன்முதலாக அதை இயற்றியது. பின்னர் மற்ற மாநிலங்களும் பின்பற்றின. பல மாநிலங்களில், புதுக் காரில் உள்ள ஒரே குறையை நான்கு முறை பழுதுபார்த்தும் அது தீராவிட்டாலோ, வண்டி மொத்தத்தில் முப்பது நாள் பணிமனையிலேயே கிடந்துவிட்டாலோ, நியாயமான முயற்சிகள் தீர்ந்துவிட்டன என்று சட்டமே அனுமானித்துக்கொண்டு, வேறு வண்டி கொடு அல்லது பணத்தைக் கொடு என்று உற்பத்தியாளருக்குக் கட்டளையிடுகிறது. இந்தியாவில் அந்தப் பெயரிலோ அந்த வடிவிலோ சட்டம் கிடையாது. நமக்கு முன்பு இருந்தது 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்; இப்போது இருப்பது, அதற்குப் பதிலாக 2020 ஜூலை 20-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டமே. சோப்புக்கட்டிக்கும் காருக்கும் ஒரே சட்டந்தான். எத்தனை முறை பழுதுபார்த்தபின் பொறுமை போதும் என்று அது எண்ணிச் சொல்வதில்லை.

ஆனால் அச்சட்டத்தின் வாசற்படி மிகவும் தாழ்வானது என்பதை முதலில் நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரையில் இருந்தால் புகாருக்குக் கட்டணமே இல்லை. பத்து லட்சம் வரையில் 200 ரூபாய். இருபது லட்சம் வரையில் 400 ரூபாய். ஐம்பது லட்சம் வரையில் 1000 ரூபாய். அந்த ஐம்பது லட்சம் வரையிலான வழக்குகள் எல்லாம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே உரியவை. பழைய சட்டத்தின்படி எதிர்த்தரப்பினர் தொழில் நடத்தும் இடத்திலோ, வழக்குக்குக் காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் கொடுக்கலாம். பெங்களூரில் வாங்கிய வண்டிக்குப் பெங்களூரிலேயே அலைய வேண்டியிருந்தது. புதிய சட்டத்தின் 34-ஆம் பிரிவு, வாங்கியவர் குடியிருக்கும் ஊரே போதும் என்று சொல்லிவிட்டது. ஆகவே தங்கவயல்வாசி ஒருவர் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலாருக்குப் பஸ் ஏறினால் போதும். வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தாமே வாதாடலாம். காணொலி வழியாக விசாரிக்கும்படி விண்ணப்பிக்கலாம். இவ்வளவையும் கேட்ட ஒருவர், இருநூறு ரூபாயில் எட்டு லட்ச ரூபாய்க் காருக்கு நியாயம் கிடைத்துவிடும் போலிருக்கிறதே என்று எண்ணுவது இயல்பு.

தங்கவயல்காரர்களாகிய உங்களுக்கு இந்த இடத்தில் நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. இந்த மண்ணுக்கடியில் தங்கம் அறவே இல்லாமற்போனதால் சுரங்கம் மூடப்படவில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கி, பாறையை உடைத்து, நீரை இறைத்து, காற்றைச் செலுத்தி, மேலே கொண்டுவந்து அரைத்து எடுக்கும் ஒரு கிராம் தங்கத்தின் அடக்கவிலை அதன் விற்பனை விலையைக் கடந்துவிட்டது என்பதே மூடியவர்கள் சொன்ன காரணம். உரிமையும் அப்படித்தான் சட்டப் புத்தகத்தில் நிச்சயமாக இருக்கிறது; அதை வெளியே எடுப்பதற்கான அடக்கவிலை என்ன என்பதே கேள்வி. கட்டணம் அந்த அடக்கவிலையில் மிகச் சிறிய பகுதி. பெரும்பகுதி நிரூபணத்திலும் காலத்திலும் இருக்கிறது.

முதலில் நிரூபணத்தைப் பார்ப்போம். வண்டியில் இருப்பது ‘உற்பத்திக் குறைபாடு’ என்று நிரூபிக்க வேண்டிய பாரம் வாங்கியவர் தலைமேல்தான் வைக்கப்பட்டிருக்கிறது. தாமே விற்பனை நிலையத்தின் பணிமனையில் கொண்டுபோய் விட்டு விட்டு எடுத்த வண்டியைப் பற்றி அவரிடம் இருக்கும் சாட்சியம், அநேகமாக அந்தப் பணிமனையே எழுதிக்கொடுத்த ஜாப் கார்டுகள் மட்டுமே. ஒரு ஜாப் கார்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே பதிவு எண், ஓடிய கிலோமீட்டர், எரிபொருள் எவ்வளவு இருந்தது என்பதைக் காட்டும் சிறு படம், வண்டியின் மேல் இருந்த கீறல்களைக் குறிக்கும் கோட்டோவியம். நடுவில் வாடிக்கையாளரின் புகார் என்னும் கட்டம். மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்கு மாற்றும்போது உராயும் சத்தம் வருகிறது, ஏற்றத்தில் இழுவை போய்விடுகிறது என்று உரிமையாளர் வாயால் சொன்னதெல்லாம் அந்தக் கட்டத்தில் ‘கியர் சத்தம்’ என்று இரண்டே சொற்களாகச் சுருங்கியிருக்கும். எதிரே, செய்த வேலை என்னும் கட்டத்தில் ‘செக்டு, ஃபவுண்ட் ஓகே’ என்று இருக்கும். அடியில் வேலை திருப்திகரம் என்று அச்சிட்ட வரிக்குக் கீழே உரிமையாளரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் போட்டால்தான் சாவி கைக்கு வரும் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து வழக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலாவதாக எடுத்துக் காட்டுவது இந்தக் கையெழுத்தையே.

இந்த ஊரில் இது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை எண்ணிப் பாருங்கள். பிட்டர்களும் டர்னர்களும் சுரங்கத்து வைண்டிங் இயந்திரத்தை இயக்கியவர்களும், 1964-இல் தொடங்கிய பி.இ.எம்.எல். நிறுவனத்தின் தொழிற்சாலையில் மண்வாரி இயந்திரங்களைப் பூட்டியவர்களும் தெருத்தெருவாக வாழும் ஊர் இது. கியர்பாக்ஸின் சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் எந்தத் தாங்கி தேய்ந்தது, எந்தப் பல் உடைந்தது என்று சொல்லிவிடக்கூடிய காதுகள் இங்கே உண்டு. அந்தக் காதுகள் அறிந்தது அவ்வளவும் ஆணையத்தின் முன் வாதியின் அபிப்பிராயமாக மட்டுமே நிற்கும். தேவைப்படுவது சுயேச்சையான நிபுணர் ஒருவரின் எழுத்து மூலமான அறிக்கை.

சட்டத்தின் 38-ஆம் பிரிவு இதற்கு வழி சொல்கிறது: தகுந்த பரிசோதனையின்றிக் குறையைத் தீர்மானிக்க முடியாது என்று தோன்றினால், ஆணையம் பொருளைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பி, நாற்பத்தைந்து நாளுக்குள் அறிக்கை கேட்கலாம். ஆனால் அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர் முன்கூட்டியே செலுத்தும்படி ஆணையம் கேட்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சோப்புக்கட்டியை உறையிலிட்டு முத்திரை வைத்து அனுப்பலாம். காரை எப்படி அனுப்புவது? ஓடாத வண்டியை டோயிங் வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும். பொறியியற் கல்லூரிப் பேராசிரியரையோ மோட்டார் வாகன ஆய்வாளரையோ ஆணையராக நியமித்தால் அவருக்குப் படியும் பயணச் செலவும் தர வேண்டும். பிரித்துப் பார்க்க வேண்டிய எஞ்சினைப் பிரிக்கும் கூலியையும் மீண்டும் பூட்டும் கூலியையும் யாராவது கொடுக்க வேண்டும். இருநூறு ரூபாயில் தொடங்கிய காரியம் இங்கேதான் ஆயிரங்களில் ஏறி விடுகிறது. பல வழக்குகள் இந்தப் படியிலேயே நின்றுபோகின்றன. நிபுணர் அறிக்கை இல்லை, ஆகவே உற்பத்திக் குறைபாடு நிரூபிக்கப்படவில்லை என்னும் ஒரு வாக்கியத்தில் தீர்ப்பு முடிந்துவிடுகிறது.

உச்ச நீதிமன்றமும் இந்தப் பாரத்தை இலேசாக்கவில்லை. 2006-இல் மாருதி உத்யோக் நிறுவனத்தின் மேல்முறையீட்டில், வாரண்டி என்பது குறையுள்ள பாகத்தைப் பழுதுபார்ப்பதற்கோ மாற்றுவதற்கோ கொடுத்த வாக்குறுதியாக இருக்கும்போது முழுக் காரையே மாற்றித் தரும்படி உத்தரவிட முடியாது என்று அது தீர்மானித்தது. 2010-இல் ஃபியட் இந்தியா நிறுவனம் எதிர்வாதியாக இருந்த வழக்கில், சுயேச்சையான தொழில்நுட்ப நிபுணர் வண்டியைப் பரிசோதிக்க வேண்டும், உள்ளார்ந்த உற்பத்திக் குறைபாடு உண்டு என்று அவர் சொன்னால் விலையோடு வாழ்நாள் வரியையும் வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்று வழிவகுத்தது. வரியையும் சேர்த்துச் சொன்னது சாமானிய விஷயமன்று. கர்நாடகத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு 14 விழுக்காடு வாழ்நாள் வரி. எட்டு லட்ச ரூபாய்க் காருக்கு அதுமட்டுமே 1,12,000 ரூபாய், மேல்வரி தனி. விலையை மட்டும் திருப்பிக் கேட்டுவிட்டு இந்த வரியைக் கேட்க மறந்துபோகும் புகார்கள் எழுதப்படுகின்றன. கேட்காத பரிகாரத்தை ஆணையம் தானாகக் கொடுக்கும் என்று நம்பி இருக்கக்கூடாது.

நம்பிக்கை தரும் தீர்ப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2004-இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் டீசல் கார் ஒன்றைப் பற்றிய வழக்கில், குறையுள்ள வண்டியைப் புதிய வண்டி என்று விற்க முற்பட்டது வெட்கத்துக்குரியது என்றும், குறையை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக நிறுவனம் பொறுப்பை மறுத்துக் கடைசிவரையில் வழக்காடியது வருந்தத்தக்கது என்றும் நீதிபதிகள் கடிந்துரைத்தார்கள். அந்தக் கண்டனத்தின் நியாயத்தை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆயினும் அதைக் கேட்பதற்காக ஒரு கார்க்காரர் டெல்லி உச்ச நீதிமன்றம் வரை ஏறிப்போக வேண்டியிருந்தது என்பதை மறந்துவிட முடியவில்லை.

2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொருள் சார்ந்த பொறுப்பு என்னும் புதிய அத்தியாயம் சேர்க்கப்பட்டபோது, இனி உற்பத்தியாளர் தப்ப முடியாது என்று பலரும் எழுதினார்கள். அந்த அத்தியாயத்தின் அடிப்படை ‘தீங்கு’ என்னும் கருத்து. அதன் இலக்கணத்தைச் சொல்லும் விதியிலேயே, பொருளுக்கே நேர்ந்த சேதமும் வாரண்டி மீறலால் வந்த நஷ்டமும் வியாபார நஷ்டமும் தீங்கில் சேரா என்று விலக்கி வைத்திருக்கிறார்கள். பிரேக் பிடிக்காமல் கால் முறிந்தவருக்கு அந்த அத்தியாயம் உதவும். பிரேக் பிடிக்காத வண்டியை ஓட்டாமல் வீட்டில் நிறுத்திவைத்த ஜாக்கிரதையான மனிதருக்கு உதவாது.

யார்மேல் வழக்குப் போடுவது என்பதும் செலவைக் கூட்டும் ஒரு சங்கடம். விற்பனையாளர் உற்பத்தியாளரைக் கைகாட்டுவார். உற்பத்தியாளரோ, விற்பனையாளர் என் ஏஜெண்டு அல்லர், என்னிடம் ரொக்கத்துக்கு வாங்கித் தம் பொறுப்பில் விற்பவர் என்பார். கோவாவில் 2009-ஆம் ஆண்டு வண்டியை 2011-ஆம் ஆண்டு வண்டி என்று விற்ற விவகாரத்தில், 2021-இல் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்று டாட்டா மோட்டார்ஸ் நிறுவனத்தைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. ஆகவே இருவரையும் சேர்த்து, ஒவ்வொருவரும் செய்த தவறு இன்னது என்று பிரித்தெழுதிப் புகார் கொடுப்பதே விவேகம். இரண்டு எதிர்வாதிகள் என்றால் இரண்டு வக்கீல்கள், இரண்டு பதிலுரைகள், இரண்டு மடங்கு வாய்தா.

மஞ்சள் பலகை வண்டி ஓட்டும் நம் இளைஞர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. வாடகைக்கு ஓட்டுகிறவர் வியாபார நோக்கத்துக்காக வாங்கியவர், ஆகவே நுகர்வோரே அல்லர் என்பது எதிர்த்தரப்பின் வழக்கமான முதல் ஆட்சேபணை. இதைக் கேட்டதுமே பயந்து சமரசத்துக்குப் போய்விடுபவர்கள் உண்டு; பயப்படத் தேவையில்லை. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்டிரியல் இன்ஸ்டிடியூட் ஒரு தரப்பாக இருந்த 1995-ஆம் ஆண்டு வழக்கில், இயந்திரம் வாங்கியவர் தோற்றார் என்றாலும், ஆட்டோ வாங்கித் தாமே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் உதாரணம் காட்டித் தெளிவாக்கியிருக்கிறது. ‘சுயதொழிலால் ஜீவனம் நடத்துவதற்காக வாங்கினேன், நானே ஓட்டுகிறேன்’ என்னும் இரண்டு வாக்கியங்கள் புகாரின் முதற்பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இனிக் காலத்தின் விலை. பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பது வேறு என்பதை அறியாதவர் இங்கே யாரும் இல்லை. எட்டு லட்ச ரூபாய்க் காருக்கு ஆறரை லட்சம் கடன், ஒன்பது விழுக்காடு வட்டி, ஐந்தாண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 13,500 ரூபாய். வழக்கு இரண்டாண்டு நீடித்தால், நின்றுபோன வண்டிக்காக வங்கிக்குக் கட்டிய தொகை மட்டும் மூன்று லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டுகிறது. தவணையை நிறுத்தினால் வண்டி ஜப்தியாகும். வழக்குப் பொருளே கைவிட்டுப் போகும். வண்டியை ஓட்டினால், இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் உற்பத்திக் குறைபாடு எப்படி இருக்கும் என்பார்கள். ஓட்டாமல் நிறுத்தினால், சும்மா நிறுத்தியதால்தான் கெட்டது என்பார்கள். கோலாருக்குப் போகும் ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் சம்பளம். எதிர்த்தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனால், மாரிக்குப்பத்து விடியற்கால ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கானவர்களோடு மாநில ஆணையத்துக்குப் பயணம். மேல்முறையீடு செய்பவர், விதிக்கப்பட்ட தொகையில் பாதியை முன்னதாகக் கட்ட வேண்டும் என்னும் 41-ஆம் பிரிவின் நிபந்தனை, வீம்புக்கு இழுத்தடிக்கும் நிறுவனங்களுக்கு ஓரளவு கடிவாளம்தான். இத்தனைக்கும் பிறகு வெற்றி கிடைத்தால், வழக்குச் செலவு என்று தீர்ப்பின் கடைசி வரியில் சாதாரணமாக ஐயாயிரமோ பத்தாயிரமோ எழுதப்படுகிறது. வக்கீல் கட்டணத்துக்கே அது போதாது.

இந்தக் கடைசி வரியில்தான் நோயின் மூலம் இருப்பதாக நான் நினைக்கிறேன். கலிபோர்னியாவில் 1970-ஆம் ஆண்டிலிருந்து உள்ள சட்டத்தின்படி, வாங்கியவர் வென்றால், அவருடைய வக்கீல் உண்மையாகச் செலவிட்ட நேரத்துக்கான நியாயமான கட்டணத்தை உற்பத்தியாளரே கொடுக்க வேண்டும். வழக்கை இழுக்க இழுக்க நிறுவனத்துக்குத்தான் செலவு ஏறும். நம்முடைய ஏற்பாட்டில், இழுக்க இழுக்க வாங்கியவருக்கே செலவு ஏறுகிறது. நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரிலோ 2012 செப்டம்பர் 1-ஆம் தேதியிலிருந்து நடைமுறையிலுள்ள விதி, நிரூபணத்தின் சிக்கலையே வேரோடு அறுக்கிறது: பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் குறை தென்பட்டால், அது பெறும்போதே இருந்தது என்று கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவரே. காரைச் செய்தவரிடம் வரைபடமும் உண்டு, பரிசோதனைச் சாலையும் உண்டு, ஒவ்வொரு பாகமும் எந்த நாளில் எந்தத் தொகுதியில் வார்க்கப்பட்டது என்னும் பதிவும் உண்டு. அறிவு யாரிடம் இருக்கிறதோ அவரிடம் நிரூபணத்தைக் கேட்பதே யுக்திக்கும் நியாயத்துக்கும் பொருத்தம். அப்படி ஒரு திருத்தத்தை நம் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று இந்தத் தொகுதியின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரல் கொடுக்க வேண்டும்.

சட்டம் திருந்தும் வரையில் என்ன செய்வது? வண்டியை விடும்போதே புகாரை உங்கள் சொற்களிலேயே எழுதிக்கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்; ஜாப் கார்டில் கையெழுத்திடும்போது ‘குறை தீரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். பணிமனைக்கு எழுதுவதோடு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வதற்குச் செலவில்லை. சில குறைகள் அந்த நிலையிலேயே தீர்ந்துபோவதும் உண்டு. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டு தாண்டினால், தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினாலன்றி உரிமை போய்விடும். நிபுணர் பரிசோதனைக்கான விண்ணப்பத்தைப் புகாரோடு சேர்த்தே கொடுங்கள். மாற்று வண்டி, இல்லாவிட்டால் விலையும் வரியும், அதுவும் இல்லாவிட்டால் பாகத்தை மாற்றி நஷ்டஈடு என்று பரிகாரங்களைப் படிப்படியாகக் கேளுங்கள்.

இலவசச் சட்ட உதவியைப் பற்றி இந்த ஊரில் போதிய அளவு தெரிந்திருக்கவில்லை என்பது என் ஆதங்கம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானத்தைக் கேளாமலே அந்த உரிமை உண்டு. சுரங்கத்தில் உழைத்த தமிழ்க் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றிலாவது அடங்கும். வக்கீல் கட்டணம் என்னும் பெரும்பாரம் அதனால் குறையும்.

எஞ்சி நிற்பது நிபுணர் பரிசோதனையின் செலவு. அதற்கு இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம் வைத்து அமர்கிறேன். ஆண்டுதோறும் வரும் வட்டியில் ஒரு பங்கை, வண்டி ஓட்டிப் பிழைக்கும் குடும்பம் ஒன்று ஆணையத்தில் கட்ட வேண்டிய பரிசோதனைக் கட்டணத்துக்கென ஒதுக்கிவையுங்கள். வழக்கு வென்றால் அத்தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்றும், தோற்றால் வேண்டியதில்லை என்றும் விதி செய்யுங்கள். பி.இ.எம்.எல்.-இல் தரப் பரிசோதனைப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். எந்த வண்டிக்கு அந்தப் பணத்தைக் கொடுப்பது என்று முதலில் பார்த்துச் சொல்லும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்கலாம். அடுத்த ஆண்டு வட்டி வரும் மாதத்திலேயே இதைத் தொடங்கிவிட முடியும்.